இன்ஹேலரில் ஒட்டியிருந்த பீடித்தூள்

ஆஸ்துமாவுக்கு ஆறு மாதமாக இன்ஹேலர் எடுத்தும் இளைப்பு குறையவில்லை என்று வந்த சுமை தூக்கும் தொழிலாளி ஒருவரிடம், அதை எப்படி எடுக்கிறார் என்று செய்து காட்டச் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து அவர் எடுத்த இன்ஹேலரின் வாய்ப்பகுதியில் பழுப்பு நிறத்தில் பீடித்தூள் ஒட்டியிருந்தது. புகைப் பழக்கம் இல்லை என்று முதல் முறை அவர் சொன்னதாக என் கையெழுத்திலேயே குறிப்பு இருந்தது. மனைவியை அருகில் உட்கார வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டவன் நான்தான் என்பதால், அவர் பொய் சொன்னார் என்று குறைபட எனக்கு வாய் வரவில்லை.

இப்போது உடன் வந்தவர்களை வெளியே அமரச் சொல்லிவிட்டு, ‘காலையில எழுந்து எவ்வளவு நேரத்துல முதல் பீடி?’ என்று கேட்கிறேன். ‘கண்ணு முழிச்சதுமேங்க’ என்றார் அவர். எழுந்த அரை மணி நேரத்துக்குள் பற்ற வைப்பவரின் உடல் நிக்கோட்டினுக்கு வெகுவாகப் பழகிவிட்டது என்று பொருள். அவரிடம் ‘விட்டுவிடுங்கள்’ என்று மட்டும் சொல்லி அனுப்புவது, காய்ச்சல்காரரிடம் சூட்டைக் குறைத்துக்கொள்ளச் சொல்வதற்குச் சமம்.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் அழற்சியைத் தணிப்பது இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டு. புகை அந்த அழற்சியின் தன்மையை மாற்றி, ஸ்டீராய்டு வேலை செய்யும் வழியையும் மந்தமாக்கிவிடுவதால், புகைக்காதவருக்குக் கேட்கும் அதே அளவு மருந்து புகைப்பவருக்குக் கேட்பதில்லை. கிளாஸ்கோவில் நடந்து 2006இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், புகையை விட்ட ஆஸ்துமாக்காரர்கள் ஒரு நொடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு ஆறே வாரத்தில், தொடர்ந்து புகைத்தவர்களோடு ஒப்பிட்டால், சராசரியாக 400 மில்லிலிட்டர் அளவுக்குக் கூடியிருந்தது. ‘சிகரெட் இல்லீங்க, பீடிதானே’ என்பவர்களுக்கும் ஒரு சொல்: பீடியில் புகையிலை குறைவு என்றாலும், அணையாமலிருக்க அதை அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால், நிக்கோட்டினும் தாரும் சிகரெட்டுக்குக் குறையாமல் உள்ளே போகின்றன.

அவருக்கு 4 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கம் எழுதிக் கொடுத்தேன். அதைச் சாதாரண சூயிங்கம் போல விடாமல் மென்றால் எச்சிலோடு நிக்கோட்டின் வயிற்றுக்குப் போய், விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். சில தடவை மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். ஒன்றை அரை மணி நேரம் இப்படி வைத்திருக்கலாம். டீ, காபி குடித்த கால் மணி நேரத்துக்கு அதைத் தொடக்கூடாது என்பதுதான், டீயும் பீடியும் ஜோடியாகவே பழகிய நம் ஊரில், எல்லாவற்றையும் விடக் கடினமான நிபந்தனை.

ஆசை மீறிப் பீடிக்குத் திரும்பிப் போனவர்களை விட, இருமலுக்குப் பயந்து திரும்பிப் போனவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் புகையால் முடங்கிக் கிடந்து, பழக்கத்தை விட்டதும் மீண்டும் அசையத் தொடங்குகின்றன. தேங்கிய சளி சில வாரங்களுக்கு வெளியே வருகிறது. ‘பீடிய விட்ட அப்புறந்தான் சார் சளி ஜாஸ்தியாச்சு’ என்று அவர்கள் சொல்வது உண்மைதான். ‘ஒண்ணு இழுத்தா சளி கரைஞ்சிடும்’ என்று சொல்ல டீக்கடையில் யாராவது இருப்பார்கள். ஆகவே இருமல் கூடும் என்பதை விடும் நாளுக்கு முன்பே சொல்லிவிடுகிறேன். ஆனால் இரவில் மூச்சிரைத்து எழுவதும், மூச்சிரைப்பை உடனே தணிக்க எடுக்கும் நீல இன்ஹேலரின் தேவை கூடுவதும் இந்தக் கணக்கில் சேராது. அவை ஆஸ்துமா முற்றுவதன் அறிகுறிகள், உடனே வர வேண்டும்.

மருத்துவர்களே மறந்துவிடக்கூடிய ஒன்றும் உண்டு. மூச்சுக்குழாயை விரிக்கும் டெரிபிலின் போன்ற தியோபிலின் வகை மாத்திரைகளைப் புகைப்பவரின் கல்லீரல் வேகமாகக் கழித்துவிடுகிறது. புகை நின்ற ஒரு வாரத்துக்குள் அந்த வேகம் தணிந்து, அதே மாத்திரை அதிகமாகிவிடும். குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை, அளவு மிஞ்சினால் வலிப்பு கூட வரலாம். இவற்றைப் புகையை விட்டதன் தவிப்பு என்று எண்ணிப் பீடிக்குத் திரும்புவோர் உண்டு. கல்லீரலின் அந்த வேகத்துக்குக் காரணம் நிக்கோட்டின் அன்று, புகையில் உள்ள வேறு பொருள்கள் என்பதால், சூயிங்கம் மெல்பவருக்கும் இது பொருந்தும். அந்த முதல் வாரத்திலேயே மாத்திரை அளவைக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மருத்துவர் குறைக்க வேண்டும். நோயாளி தானாகக் குறைக்கக் கூடாது.

எங்கள் ஊர் வரை வர முடியாதவர்கள் 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்; சிகரெட், பீடிக் கட்டுகளின் மேலேயே அந்த எண் அச்சிட்டிருக்கிறது.

அந்தத் தொழிலாளி பத்தொன்பதாம் நாள் ஒரு சாவு வீட்டில் இரண்டு பீடி குடித்துவிட்டு, மறுநாள் காலையில் என் அறைக்கு வெளியே தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். தினமும் மூச்சை ஊதி அளந்து எழுதிவரக் கொடுத்த நோட்டைப் புரட்டினேன். நிமிடத்துக்கு 240 லிட்டரில் தொடங்கிய எண் 310 வரை ஏறியிருந்தது. கடைசி வரியில் 290 என்று எழுதி, பக்கத்தில் ‘2 பீடி’ என்று அவரே குறித்திருந்தார். இந்த முறை மனைவியும் உள்ளேதான் இருந்தார்.