ஸ்டவுட்: கறுப்பு பீருக்கு ஏன் இந்தப் பெயர், தமிழில் என்ன சொல்லலாம்?

ஸ்டவுட் என்றதும் கறுப்பு நிறம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தச் சொல்லில் கறுப்பு எங்கேயும் இல்லை. அகராதியில் 'பருத்த, தடித்த' என்று இருக்கும், அதை நம்பி 'தடித்த பீர்' என்று எழுதிவிடாதீர்கள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது இதற்குச் செருக்கு, துணிவு என்று பொருள், அதிலிருந்து வலு என்று ஆனது, பருமன் என்ற பொருள் ரொம்பப் பின்னால் ஒட்டிக்கொண்டது. 1677-இல் எழுதப்பட்ட ஓர் ஆங்கிலக் கடிதத்திலேயே பீருக்கு இந்தப் பெயர் வந்துவிட்டது. ஆல்கஹால் கூடிய கடுமையான பீர், அவ்வளவுதான் பொருள். வெளிர் நிற ஸ்டவுட்கூட அப்போது உண்டு.

அப்புறம் 18ஆம் நூற்றாண்டு லண்டனில் சுமை தூக்குபவர்கள் விரும்பிக் குடித்த பழுப்பு பீருக்குப் போர்ட்டர் என்று பெயர் விழ, அதில் கடுமையானதை 'ஸ்டவுட் போர்ட்டர்' என்றார்கள், போகப்போகப் போர்ட்டர் உதிர்ந்து ஸ்டவுட் மட்டும் நின்றது. 1817-இல் டேனியல் வீலர் என்ற ஆங்கிலேயர் மால்ட், அதாவது முளைகட்டிய பார்லி, வறுக்கும் உருளைக்குக் காப்புரிமை வாங்கினார். அதைக் கருக வறுத்துக் கொஞ்சம் சேர்த்தாலே முழுப் பீரும் கறுத்துவிடும். இன்று நமக்குத் தெரிந்த நிறம் அங்கிருந்து வருகிறது.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். டப்ளினின் கின்னஸ் டிராஃப்டில் ஆல்கஹால் 4 சதவீதத்தைக் கொஞ்சம்தான் தாண்டும், பெயர் மட்டும் ஸ்டவுட். பழைய பொருளைக் காப்பாற்றுவது இம்பீரியல் ஸ்டவுட்தான், ரஷ்ய அரசவைக்கு லண்டனிலிருந்து கப்பலேறிய வகை, இப்போது கிராஃப்ட் பீர் காய்ச்சும் சிறு ஆலைக்காரர்கள் 10 சதவீதத்துக்கு மேலும் கொண்டுபோகிறார்கள். இலங்கை வாசகர்களுக்கு இது புதிதில்லை, நுவரெலியாக் குளிரில் பிறந்த ஆலையின் லயன் ஸ்டவுட்டும் 8 சதவீதத்தைத் தாண்டும்.

குளிர்கால இரவில் இதைக் குடிப்பதென்றால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து உடனே வாயில் வைக்கக் கூடாது. 12 டிகிரி வாக்கில் இருக்கட்டும். கிளாஸை உள்ளங்கையில் ஏந்தி விளக்குக்கு நேரே பிடித்தால் ஓரத்தில் மட்டும் செம்மை தெரியும், நுரை வெல்லப்பாகு நிறத்தில் இருக்கும். முதல் மிடறில் வறுத்த காப்பிக்கொட்டையின் கசப்பு, கொஞ்சம் சூடேறியதும் கருப்பட்டி, உலர்ந்த திராட்சை, கடைசியில் தொண்டையில் மெல்லிய கதகதப்பு. அவசரமே வேண்டாம்.

சரி, தமிழில்? 'கரும்பியர்' என்று எழுதினால் கண் கரும்புக்குத்தான் போகும். 'வன்பீர்' பழைய அர்த்தத்துக்கு நெருக்கம், ஆனால் வறுத்த மணமும் நிறமும் விட்டுப்போகின்றன. என் தேர்வு கருந்தேறல். தேறல் என்பது தெளிந்த மது, தேறு என்ற வினையிலிருந்து வந்தது. புறநானூற்றின் 392ஆம் பாட்டில் ஔவையார் 'தேட்கடுப்பன்ன நாட்படு தேறல்' என்கிறார், தேள் கொட்டியது போலக் கடுக்கிற, நாள்பட்ட தேறல். கடுமையும் முதிர்ச்சியும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன, 'கரு' முன்னால் சேர்ந்தால் நிறமும் வந்துவிடும். தேறல் பீர் இல்லையே என்று கேட்கலாம், உண்மைதான், அது தேனிலும் எடுத்தது. ஆனாலும் பேச்சில் ஸ்டவுட் என்றே சொல்லிக்கொண்டு, எழுத்தில் தமிழ் வேண்டுகிற இடத்தில் கருந்தேறல் என்று எழுதலாம். இம்பீரியல் ஸ்டவுட்டுக்கு நான் 'கடுங்கருந்தேறல்' என்று எழுதுகிறேன்.