வேலிக் கம்பியின் நடுவே போட்ட பல்பு உயிரைக் காக்காது

தாண்டிக்குடிப் பக்கத்துச் சரிவொன்றில் சென்ற வாரம் நான் உடற்கூறாய்வு செய்த மூன்று வெள்ளாடுகளில் இரண்டுக்கு மேலுதடு தீய்ந்திருந்தது; மூன்றாவதான சினையாட்டின் முன்னங்காலில் கருகிய கோடு இருந்தது. மூன்றும் மின்வேலியில் பட்டுச் செத்தவை. அந்த வேலியைக் கட்டியவர் ஆட்டின் சொந்தக்காரரேதான். பக்கத்துக் காப்பித் தோட்டத்தில் ஆடு மேய்ந்ததாக ஓயாமல் பிராது வரவே, வீட்டு இணைப்பிலிருந்து கம்பியை இழுத்து மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிக் கட்டியிருக்கிறார். "நடுவுல நூறு வாட் பல்பு போட்டிருக்கேன் டாக்டர், அது கரண்டைக் குறைச்சிரும்ல?" என்று கேட்டார். இந்த ஆண்டில் இதே கேள்வி என்னிடம் வருவது இது மூன்றாவது முறை.

குறைக்காது. 230 வோல்ட்டில் 100 வாட் பல்பு வழியாக ஏறத்தாழ 430 மில்லியாம்பியர் பாயும். ஈரத்தரையில் நிற்கும் உடலின் தடையைக் கழித்துப் பார்த்தாலும் நூறு மில்லியாம்பியருக்கு மேல் மிஞ்சும்; உயிர் போக அதுவே தாராளம். ஒன்றும் தொடாதபோது பல்பு எரியாமல் இருப்பதைப் பார்த்து, வேலி சாதுவாக இருக்கிறது என்று இவர்கள் நம்பிவிடுகிறார்கள். வேலிக்கு விட்டுவிட்டு மின்துடிப்பு அனுப்பும் கருவியான எனர்ஜைசரில் 5,000 முதல் 8,000 வோல்ட் வரை இருந்தும் ஆடு பிழைப்பதற்குக் காரணம், அது நொடிக்கு ஒருமுறை, கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாகத் துடித்து ஓய்வதுதான். அந்த ஓய்வில் தசை தளர, ஆடு துள்ளி விலகுகிறது. வீட்டு மின்சாரம் ஓய்வதில்லை. பிடித்த பிடியை விடுவதுமில்லை. விறகு பொறுக்க வருபவரையும் குழந்தையையும் அது அப்படித்தான் பிடிக்கும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் மாண்டதும் சட்டவிரோத மின்வேலியில்தான். காப்புக்காட்டை ஒட்டிய நிலமானால், முறையான மின்வேலிக்கே வனத்துறையிடம் முன்னனுமதி பெற வேண்டும்.

முறையாகப் போட்ட வேலியையும் வெள்ளாடு சோதித்துத்தான் பார்க்கும். அதன் மயிர் மின்சாரத்தைத் தடுத்துவிடும். ஈர மூக்கில் பட்டால்தான் பாடம் ஏறும். ஆகவே மேய்ச்சலுக்கு விடுமுன் சிறிய பட்டியில் இரண்டு மூன்று நாள் அடைத்து, கம்பியை முகர விடுங்கள். அடிக்கம்பி தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் போகக் கூடாது. ஐந்து கம்பி கட்டுங்கள். பெரும்பாலான வேலிகள் தோற்பது எர்த்தில்தான். எர்த்துக்கு ஆறடித் தண்டுகள் மூன்றைப் பத்தடி இடைவெளியில் மண்ணில் இறக்குங்கள். பாறை மண்ணும் பங்குனி வறட்சியும் சேர்ந்தால் அதுவும் போதாது. அப்போது வேலியில் ஒன்றுவிட்டு ஒரு கம்பியை எர்த்துடன் இணையுங்கள். மழைக்காலத்தில் புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் அதன் வழியே கசிந்துவிடும்; வாரம் ஒருமுறை அறுத்துவிட வேண்டும். வேலியின் வோல்ட்டை அளக்கும் மீட்டரில் 4,000 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் அன்று ஆட்டை வெளியே விடாதீர்கள். கொம்புள்ள கிடாக்களுக்கு வலைவேலி வேண்டவே வேண்டாம், தலை சிக்கிக்கொள்ளும்.

எனர்ஜைசர் வாங்கப் பணம் சேரும்வரை ஆட்டை முளைக்கயிற்றில் கட்டியாவது மேயவிடுங்கள். தயவுசெய்து அந்த வீட்டுக் கம்பியை இன்றே கழற்றிவிடுங்கள்.