பாறை நிழலில் இறகு போல ஒரு பாசி

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஞ்செட்டிப் பக்கம் ஓர் ஓடை. பாறை இடுக்கில் முகத்தை வைத்துக்கொண்டு நான் குப்புறக் கிடந்ததைப் பார்த்து, ஆடு மேய்த்த பெரியவர் ஓடி வந்தார். "என்னங்க சாரு, மயக்கமா?" கை லென்ஸை அவரிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "இத்தினியூண்டுக்கு இலை இருக்குதே!" என்றார்.

வழுக்கும் பச்சை எல்லாமே நமக்குப் பாசிதான். ஆனால் குளத்துப் பாசிக்குத் தண்டு, இலை கிடையாது. பாறையில் வளரும் இந்தப் பாசிக்கு இரண்டும் உண்டு. வேர்தான் இல்லை.

அன்று பார்த்தது ஃபிசிடென்ஸ் பேரினம். உயரம் சில மில்லிமீட்டர். தண்டின் இரு பக்கமும் மட்டும் இலைகள், தட்டையாக, இறகு போல. ஒவ்வோர் இலையின் அடியும் பிளந்து, சட்டைப்பை மாதிரி தண்டைக் கவ்வியிருக்கும். அந்தப் பையைப் பார்த்துவிட்டால் பேரினத்தில் சந்தேகம் வேண்டாம். எந்தச் சிற்றினம் என்பதுதான் கடினம். இலை ஓரத்தில் நீண்ட செல்களாலான கரை உண்டா, செல்களின் மேல் நுண்ணிய முண்டுகள் உண்டா, வித்துப்பையின் (வித்துத்தூள் உருவாகும் சிறு பை) வாயில் உள்ள 16 பற்கள் எப்படிப் பிளந்திருக்கின்றன என்றெல்லாம் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஃபிசிடென்ஸ் என்ற பெயருக்கே பிளந்த பல் என்றுதான் பொருள். பாசி ஆய்வாளர் ஹெட்விக் வைத்த பெயர்; அவர் இறந்த பிறகு, 1801-இல் வெளியான அவரது நூலில் இருக்கிறது.

அதனால்தான், வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி "இது அரிய வகையா?" என்று கேட்பவர்களுக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடிவதில்லை. அதற்காகப் பாசித் திட்டு முழுவதையும் சுரண்டி எடுத்து வந்துவிடாதீர்கள். வித்துப்பையோடு ஒரு சிட்டிகை போதும். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் அதையும் தொடக் கூடாது. காகித உறையில் போட்டு, இடம், தேதி, பாறையின் எந்தப் பக்கம் என்று எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடித்துவிடும். தொடக்கத்தில் நான் அப்படி ஒரு நல்ல மாதிரியை இழந்திருக்கிறேன். காகிதத்தில் காய்ந்தது, பல வருடம் கழித்து நனைத்தாலும் இலை விரித்துக் காட்டும்.

என் கவலை வேறு. இதன் இலை பெரும்பாலும் ஒரே செல் தடிமன்தான். தண்ணீரைச் சேமிக்க இடமில்லை. பாறைக்கு மேலே நிற்கும் மரத்தை வெட்டினால், பாறையைத் தொடாமலேயே பாசி போய்விடும். கிருஷ்ணகிரியில் கிரானைட்டுக்காக உடையும் பாறைகளை எண்ணினால் மனசு பதறுகிறது. சுனையைச் சுத்தம் செய்கிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: நடக்கிற படியைத் தேயுங்கள், நிழல் பக்கத்தை விட்டுவிடுங்கள், பிளீச்சிங் பவுடர் வேண்டாம்.

பெரியவர் லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மேட்டைக் காட்டினார். "அந்தப் புங்க மரத்தடிப் பாறையிலயும் இது இருக்குது சாரு, வாங்க."