பழைய தேயிலை என்று பூசணத்தைக் குடிக்காதீர்கள்

போன சனிக்கிழமை மதியம், கடையில் ஆள் குறைந்த நேரம். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் துருப்பிடித்த பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். "அக்கா, எங்க அப்பா ஈப்போவில ஒரு தவுக்கேகிட்ட, அதான் சீன முதலாளிகிட்ட, லாரி ஓட்டினாரு. அவரு கொடுத்த டீ. எழுபத்தஞ்சாம் வருசத்துச் சரக்கு. என்ன விலை போகும்னு பாருங்க" என்றார்.

டின்னைத் திறந்ததும் முதலில் வந்தது நாற்றம். மழைக்காலத்தில் மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் வருமே, அது. உள்ளே பிளாஸ்டிக் பை, பைக்குள் வட்டமான பூஎர் தேயிலைக் கட்டி. காகிதம் கட்டியோடு ஒட்டிப்போயிருந்தது. ஓரத்தைப் பிரித்து விளக்கடியில் பிடித்தேன். இலைக்கும் காம்புக்கும் நடுவே பஞ்சு இழுத்துவிட்ட மாதிரி வெள்ளை. கட்டி உடைக்கும் ஊசியால் லேசாகத் தட்டினேன், பொடி புகைபோலக் கிளம்பியது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கட்டியின் ஒரு மூலை உடைந்திருந்தது. "இதை யாராவது குடிச்சீங்களா?"

"நான்தான் அக்கா. மூணு வாரமா தினம் காலையில ஒரு கிளாஸ். வயிறு ஒரு மாதிரி போய்க்கிட்டு இருக்கு. உடம்பைச் சுத்தம் பண்ணுதுன்னு சொன்னாங்க."

இந்தச் 'சொன்னாங்க' யார் என்பதைத்தான் பத்தொன்பது வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். இந்த ஆண்டில் மட்டும் இது ஐந்தாவது பூசணக் கட்டி. கோலாலம்பூரில் சீனத் தேயிலையை ருசி பார்த்துத் தரம் பிரிப்பது என் பிழைப்பு. வருகிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பூஎர் சீனாவின் யுனான் மாநிலத்துத் தேயிலை. அங்குள்ள பெரிய இலை மரங்களிலிருந்து பறித்து, இரும்புச் சட்டியில் வாட்டி, வெயிலில் காயவைத்து, ஆவி காட்டிக் கட்டியாக அழுத்துவது. ஒரு கட்டி வழக்கமாக 357 கிராம், ஏழு கட்டி சேர்ந்தால் ஒரு மூங்கில் மட்டைப் பொதி. இங்குள்ள கான்டனீஸ்காரர்கள் 'போ லேய்' என்பார்கள். அப்படியே பல ஆண்டு முதிர விடுவது ஷெங். குவித்து, நீர் தெளித்து, சீக்கிரம் புளிக்கவைத்து முதிர்ச்சியை வரவழைப்பது ஷு. நம்மவர்கள் பழைய போ லேய் என்று கொண்டுவருவதில் சில பூஎரே இல்லை. ஈயச் சுரங்கக் காலத்தில் சீனத் தொழிலாளர்களுக்காகக் சீனாவின் குவாங்சியிலிருந்து ஈப்போ பக்கத்துக் கிந்தா பள்ளத்தாக்குக்கு வந்த லியூ பாவ் வகை. அதுவும் நல்ல தேயிலைதான், ஆனால் விலைப் பேச்சு வேறு.

அவர் கட்டிக் காகிதத்தில் 7542 என்று இருந்தது. அதைத்தான் 1975 என்று நம்பியிருக்கிறார். அந்த எண் தயாரித்த ஆண்டு இல்லை. முதல் இரண்டு இலக்கம் அந்தக் கலவை முறை உருவான ஆண்டு, மூன்றாவது இலைத் தரம், நான்காவது தொழிற்சாலை. 2 என்றால் மெங்ஹாய், 1 குன்மிங், 3 சியாகுவான். 7542 இன்றும் தயாராகிறது. போதாததற்கு அந்தக் காகிதத்தின் பின்புறம் க்யூ.எஸ். என்ற சீன உணவுத் தர முத்திரை இருந்தது. அது 2000க்குப் பிறகுதான் வந்தது. அதேபோல 'அறுபதுகளின் ஷு' என்று யாராவது விற்றால் கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். ஷுவுக்கான குவியல் முறை குன்மிங்கில் உருவானதே 1973இல்.

சரி, வருஷத்தில் ஏமாந்தால் பணம்தான் போகும். எனக்கு எரிச்சல் மூட்டுவது இன்னொரு நம்பிக்கை: "பூசணம் பிடித்தால்தான் பழசு, பழசானால்தான் மருந்து."

நம் வீட்டில் பழையது என்றால் என்ன? ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த சோறு. காலையில் மோர் விட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு சாப்பிடுகிறோம். அதே சோறு நாலாம் நாள் பச்சையும் கறுப்புமாகப் பூத்துக் கிடந்தால், "இன்னும் பழையது, இன்னும் சத்து" என்று யாராவது பிசைவார்களா? ஆவக்காய் ஜாடியில் எண்ணெய் குறைந்து மேலே வெள்ளை படர்ந்தால் பாட்டி என்ன செய்தார்? ஜாடியோடு கொட்டினார். மாவு புளிப்பது வேறு, ஊசுவது வேறு என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரிகிற வீடுகளில், சீன எழுத்து அச்சடித்த காகிதம் ஒன்று வந்துவிட்டால் மட்டும் இந்த அறிவு எங்கே போகிறது?

கொஞ்சம் படித்தவர்கள் மடக்குவார்கள்: "ஷு தயாரிக்கிறதே பூஞ்சையாலதானே அக்கா?" ஆமாம். மெங்ஹாயில் அந்தக் குவியல் அறைக்குள் போயிருக்கிறேன். டன் கணக்கில் இலை, மேலே ஈரத்துணி, உள்ளே கைவிட்டால் சுடும்; 60 டிகிரி வரை ஏறும். சூடு மிஞ்சினால் இலை கருகிவிடும் என்று ஆட்கள் அவ்வப்போது மண்வெட்டியால் புரட்டிப்போட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒன்றரை மாதம், இரண்டு மாதம். அப்புறம் உலர்த்துகிறார்கள், அதோடு அந்தக் கதை முடிந்தது. எந்தக் கிருமி, எவ்வளவு சூடு, எத்தனை நாள் என்று பார்த்துச் செய்வது அது. உங்கள் ஸ்டோர் ரூமில் பழைய குடைக்கும் பெயின்ட் டப்பாவுக்கும் நடுவில் தானாக முளைத்தது எது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உறை ஊற்றிய பால் தயிர்தான். அதற்காகத் திரிந்த பாலையெல்லாம் தயிர் என்பீர்களா?

இன்னொரு கோஷ்டி 'தங்கப் பூ' என்று சொல்லும். ஹுனானின் ஃபூ செங்கல் தேயிலையில், கட்டியின் உள்ளே, கடுகைவிடச் சின்னதாக, பொன் மஞ்சளில் உருண்டை உருண்டையாக ஒரு பூஞ்சையை வேண்டுமென்றே வளர்ப்பார்கள். அது நல்ல அடையாளம், உண்மை. அதைக் கேள்விப்பட்டுவிட்டு, பச்சை கலந்த மஞ்சளாகக் கட்டியின் மேல் படர்ந்ததை எல்லாம் தங்கப் பூ என்றால் எப்படி? அந்த நிறத்தில்தான் வேர்க்கடலையில் நச்சு உண்டாக்கும் பூஞ்சையும் இருக்கும்.

"முதல் தண்ணீரைக் கொட்டிடுறோமே, அதுல போயிடாதா?" போகாது. முதல் தண்ணீர் தூசியைக் கழுவவும் இறுகிய இலையை இளக்கவும்தான். கொதிநீர் பூசணத்தைக் கொன்றாலும், அது விட்டுப்போன நச்சு அந்தச் சூட்டுக்கெல்லாம் அசையாது. மேலாகச் சுரண்டிவிட்டுக் குடிக்கிறேன், வெயிலில் வைத்துவிட்டுக் குடிக்கிறேன் என்பதும் இதே ரகம்.

ஒரு சமாதானமும் சொல்லிவிடுகிறேன். வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பூசணம் இல்லை. இளம் ஷெங் கட்டியில் மொட்டுகள்மேல் வெள்ளி மயிர் இருக்கும். அது மொட்டின் நீளவாக்கில் படிந்து மினுங்கும், தட்டினால் பறக்காது. பூசணம் இலை, காம்பு என்று பார்க்காமல் குறுக்கே படரும், மினுங்காது, தட்டினால் பறக்கும். போன மாதம் ஒரு பெண் பதறியடித்துக்கொண்டு வந்தார். அருமையான இளவேனில் மொட்டு. ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

கண்ணால் பிடிபடாததை மூக்கு பிடிக்கும். மூடியுள்ள சீனக் கோப்பையைக் கைவான் என்போம். அதில் கொதிநீர் ஊற்றிச் சூடாக்கி, நீரைக் கொட்டிவிட்டு, காய்ந்த இலையைப் போட்டு மூடி நாலு குலுக்கு குலுக்குங்கள். மூடியைத் திறந்து உடனே முகருங்கள். நல்ல முதிர்ந்த ஷெங் என்றால் பழைய மர அலமாரி, உலர்ந்த பேரீச்சை, சில சமயம் மருந்துக்கடை வாசம் வரும். ஷு என்றால் நல்ல மழைக்குப் பிறகு காட்டு மண். ஈரத்துணி, நிலவறை, மக்கிய சாக்கு என்று மனசில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ருசி பார்த்து முடிவு செய்ய வேண்டாம், அது என் வேலை. நானும் விழுங்குவதில்லை, துப்பிவிடுவேன். கெட்ட சரக்கு தொண்டையைக் காய்ந்த கை இறுக்குவதுபோலப் பிடிக்கும். ஊறி முடித்த இலையும் காட்டிக்கொடுக்கும்: நல்லது விரலில் துணிபோல மடங்கும், ஈரத்தில் வெந்து கெட்டது கரிபோலக் கறுத்து விரியவே விரியாது.

வாசனைப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். பழைய பூஎரில் கற்பூர வாசம் வந்தால் சீனர்களிடம் தனி மதிப்பு. ஒரு நண்பர், தன் பத்து வருஷக் கட்டியில் அது வந்துவிட்டது என்று போனில் குதித்தார். கொண்டுவரச் சொன்னேன். மூடியைத் திறந்ததும் சன்னிதியில் நிற்கிற மாதிரி இருந்தது. எங்கே வைத்திருந்தீர்கள் என்றேன். சாமி அறை அலமாரியில், கற்பூர டப்பாவுக்குப் பக்கத்தில்! தேயிலை எதையும் உறிஞ்சும். மசாலாப் பெட்டி, சாம்பிராணி, பூச்சி உருண்டை, ஃபிரிட்ஜில் இருக்கும் மீன் குழம்பு எதற்கும் பக்கத்தில் வைக்காதீர்கள்.

இந்த ஊர்க் காற்றில் ஈரப்பதம் சர்வசாதாரணமாக 80 சதவீதத்தைத் தொடும். தேயிலைக்கு 60இலிருந்து 70 வரை போதும், 75ஐத் தாண்டினால் பயப்படுங்கள். ஈரம் காட்டும் சின்னக் கருவி சாப்பாட்டுக் காசுக்குக் கிடைக்கிறது, வாங்கிப் போடுங்கள். கட்டியை அதன் காகிதத்தோடு அட்டைப் பெட்டியிலோ மண் ஜாடியிலோ வையுங்கள். தரையிலிருந்து உயரமாக, சுவரை ஒட்டாமல், வெயில் படாமல். ஏற்கெனவே ஈரம் ஏறியதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டுவது பூசணத்துக்கு நீங்களே பந்தல் போட்டுக் கொடுப்பது. மாதம் ஒரு தடவை திறந்து பாருங்கள். வாங்கி வைத்துவிட்டு மகன் கல்யாணத்துக்குத் திறக்கலாம் என்று இருந்தால் கல்யாணத்தன்று அழ வேண்டியதுதான்.

நல்ல தேயிலை கையில் இருந்தால் அதையும் பாழாக்காமல் போடுங்கள். 100 மில்லி கோப்பைக்கு 6 கிராம், தளதளவென்று கொதிக்கிற தண்ணீர். முதல் தண்ணீரை ஐந்தாறு நொடியில் கொட்டிவிடுங்கள். ஷு என்றால் இரண்டு தடவை. அப்புறம் பத்து நொடியில் வடித்துக் குடியுங்கள், போகப்போக நேரத்தைக் கூட்டுங்கள். பத்துத் தடவைக்குமேல் தாங்கும். கசந்தால் நேரத்தைக் குறையுங்கள், சூட்டைக் குறைக்காதீர்கள். 80 டிகிரிக்கு இறக்குவதெல்லாம் பச்சைத் தேயிலைக்கு. இளம் ஷெங்கின் கசப்பைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் தொண்டையில் இனிக்குமே, அந்த இனிப்பு ஒரு நிமிஷம் கழித்து ஏறும். அதற்காகத்தான் இத்தனை பேர் இத்தனை காசு கொடுக்கிறார்கள். கசப்பு நாக்கிலேயே பசைபோல ஒட்டிக்கொண்டு போகாவிட்டால் தேயிலை சுமார். தயவுசெய்து பால் ஊற்றாதீர்கள். தே தாரிக் என்ற பால் டீ போட வேறு தூள் இருக்கிறது.

வெறும் வயிற்றில் இளம் ஷெங் வேண்டவே வேண்டாம். கை நடுங்கித் தலை சுற்றி, என் கடை நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டவர்கள் உண்டு. அப்படி ஆனால் ஏதாவது இனிப்பாகச் சாப்பிடுங்கள். இரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதோடு சேர்த்துத் தேநீர் குடிக்காதீர்கள். இளைப்பதற்கு என்று விற்கும் பாக்கெட்டுகளில் சிலவற்றில் நிலாவாரை சேர்த்திருப்பார்கள். நீங்கள் கழிவறைக்கு ஓடுவது அதனால். பூஎரின் மகிமையால் இல்லை.

பிஸ்கட் டின்காரரை முதலில் கிளினிக்குக்குப் போகச் சொன்னேன். நான் டாக்டர் இல்லை. கட்டியைத் தூக்கிப்போடச் சொன்னபோது ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். தவுக்கே கொடுத்த அன்று அப்பா அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு வந்தாராம். கடைசியில் காகிதத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, கட்டியைப் பையில் போட்டுக் கட்டி என்னிடமே கொடுத்துவிட்டார். டின்னை மட்டும் கொடுக்க மனசில்லை. பிளீச் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவையுங்கள், ஆனால் இனி அதில் தேயிலை வைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால் குடித்துப் பார்த்துவிட்டு வராதீர்கள், குடிப்பதற்கு முன் கொண்டுவாருங்கள். காகிதத்தையும் சேர்த்து. பார்த்துச் சொல்வதற்குக் காசு வாங்குவதில்லை. ஒரே ஒரு வேண்டுகோள்: வருகிற அன்று சென்ட் அடித்துக்கொண்டு வராதீர்கள், எனக்கு மூக்குதான் சோறு போடுகிறது.