தேவாலயத்துக்கு அடுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

யாழ்ப்பாணத்தில் முதியவர்களின் உளநலத்துக்காக வீடு வீடாகப் போவது என் வேலை. பல இடங்களில் பெரிய கல்வீடு, பூட்டிய அறைகள், உள்ளே தனியே ஒரு ஆச்சி. பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார்கள். காசு ஒழுங்காக வரும். மாதக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகத்தான் ஆள் இல்லை. பிரஷர் குளிசை எப்போதோ முடிந்திருக்கும். கேட்டால், "ஓட்டோக்காரப் பெடியன் வரேல்லை தம்பி" என்பார்.

அந்த வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு தேவாலயம் இருக்கும். அங்கே மண்டபம் உண்டு, வாகனம் வைத்திருப்பவர்கள் உண்டு, ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் தாதியரும் உண்டு. சபையார் யாருக்காவது வருத்தம் என்றால் போதகர் வீடு தேடிப் போகிறார். பக்கத்துச் சைவ ஆச்சியின் கேற்றை மட்டும் யாரும் தட்டுவதில்லை.

மதம் மாற்ற வந்தார்கள் என்று ஊர் பேசும் என்ற பயம்தான் காரணம். உதவியோடு துண்டுப்பிரசுரமும் கொடுத்தால் ஊர் பேசத்தான் செய்யும். ஆகவே துண்டுப்பிரசுரம் வேண்டாம், அவர்கள் கேட்காமல் ஜெபம் வேண்டாம், படம் எடுத்து முகநூலில் போடவே வேண்டாம். கிராம அலுவலருக்கும் சனசமூக நிலையத்துக்கும் முதலே சொல்லிவிட்டு, அங்கிருந்து ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சைவக் கோயில் தொண்டர்களும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

இது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1847இல் இங்கு வந்த மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் நோயாளரைப் பார்த்ததோடு நிற்கவில்லை. தமிழ் படித்து, தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். 1995 யூலை 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் குண்டு விழுந்தபோது அங்கே இருந்தவர்கள் ஷெல்லுக்குப் பயந்து ஓடிவந்த சனம். அப்படி நம்பி ஓடிவந்த இடத்துக்குள் இன்று சாதாரண நாளில் வரத் தயங்குகிறார்கள் என்றால், அதைப் போக்க முதலில் நடக்க வேண்டியவர்கள் தேவாலயத்தார்தான்.

பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. கிழமைக்கு ஒரு நாள், ஒரே ஆள் போகட்டும். ஆளை மாற்றி மாற்றி அனுப்பினால் முதியவர் மனம் திறக்க மாட்டார். கிளினிக் கொப்பியில் அடுத்த திகதியையும் மிச்சமுள்ள குளிசையையும் பாருங்கள். அப்புறம் இருந்து கதை கேளுங்கள். நான் பார்த்தவரை, சாப்பாட்டுப் பார்சலைவிட அதற்குத்தான் அவர்கள் காத்திருக்கிறார்கள். போரில் பிள்ளையை இழந்தவரோ, காணாமல் போன பிள்ளையை இன்னும் தேடுபவரோ என்றால் கதை பாதியில் நின்றுவிடும். தோண்டிக் கேட்காதீர்கள். 'ஆண்டவர் சித்தம்' என்று சொல்லி அவர் வாயை மூடவும் வேண்டாம்.

நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, 'இனி இருந்து என்ன' என்று பேச்சு வந்தால், வயது போனவர்கள் அப்படித்தான் என்று விட்டுவிடக் கூடாது. அவரைத் தனியே விடாமல், உளநலப் பிரிவுள்ள அரச வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். ஜெபிக்க விரும்புபவர் ஜெபிக்கட்டும், ஆனால் குளிசையை நிறுத்தச் சொல்லும் உரிமை எந்தப் போதகருக்கும் இல்லை.

மாரிக்கு முன்பே தொடங்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் நிற்கும் ஒழுங்கைகளில் தனியே இருப்பவர் யார், அவரை யார் கூட்டி வருவது, இரவில் மண்டபத் திறப்பு யாரிடம் இருக்கும் என்பதையெல்லாம் கிராம அலுவலரோடு இருந்து இப்போதே எழுதி வையுங்கள்.