கை சூடாக இருக்கிறது, பிரஷர் இறங்குகிறது

பட்டர்வொர்த் பக்கம் மோட்டாரிலிருந்து விழுந்த ஒரு தம்பியை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். பிரஷர் 80க்கு 40. ரத்தம் போனவர்களுக்குப் பெரும்பாலும் நாடி 120க்கு மேல் ஓடும், கை சில்லிட்டு வியர்த்திருக்கும். இவருக்கு நாடி 48. கையைப் பிடித்தேன். வெதுவெதுவென்று, காய்ந்து இருந்தது. "கை சூடாத்தானே இருக்கு டாக்டர், பயமில்லையே?" என்றார் கூட வந்த அக்கா. எனக்குப் பயமே அந்தச் சூட்டால்தான்.

இதயத்தை வேகப்படுத்து, ரத்தக் குழாயை இறுக்கு என்று மூளை சொல்வதெல்லாம் தண்டுவடம் வழியாகத்தான் கீழே போகிறது. கழுத்திலோ நெஞ்சுப் பகுதியின் மேல்பாதியிலோ தண்டுவடம் அடிபட்டால் அந்தச் செய்தி நின்றுவிடும். குழாய்கள் தளர்ந்து, ரத்தம் வயிற்றிலும் காலிலும் தேங்கும். இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்போ மண்டையோட்டிலிருந்து நேராக இறங்குவதால் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. எதிர்த்து இழுக்க ஆளில்லாமல் அது நாடியை இறக்கிக்கொண்டே போகும். நியூரோஜெனிக் ஷாக் என்பது இதுதான். அந்தத் தம்பியை ரோட்டோரத்தில் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்களாம். நல்ல மனதோடு செய்ததுதான், ஆனால் தயவுசெய்து வேண்டாம். அசைக்காமல் 999ஐக் கூப்பிடுங்கள்.

நாடி மெதுவாக இருந்தாலும் உள்ளே ரத்தக்கசிவு இல்லை என்று நாங்கள் விட்டுவிட முடியாது. உணர்ச்சியற்ற வயிறு வலியைச் சொல்லாது, ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். சலைனை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதனால் பலருக்கு ரத்தக் குழாயை இறுக்கும் நோரட்ரினலின் மருந்து தேவைப்படுகிறது.

சில மாதம் கழித்து நடந்ததைத்தான் குடும்பங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். தம்பிக்குத் தலை வெடிக்கும் வலி, முகமெல்லாம் சிவந்து வியர்வை. பக்கத்து கிளினிக்கில் "150தானே, ஓய்வெடுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் அவருடைய வழக்கமான பிரஷர் 95. அவருக்கு 150 என்பது ஆபத்து, மூளையில் ரத்தக்கசிவு வரை போகலாம். அக்கா எனக்குப் போன் செய்தார். "உட்கார வையுங்கள், காலைத் தொங்கவிடுங்கள், பெல்ட்டைத் தளர்த்துங்கள், அப்புறம் மூத்திரக் குழாயைப் பாருங்கள்" என்றேன். குழாய் தொடைக்கடியில் மடிந்து கிடந்தது. மூத்திரம் வெளியேறாமல் தேங்கியதுதான் பிரஷரை ஏற்றியிருக்கிறது; அடிபட்ட இடத்துக்குக் கீழே இப்படி ஏதாவது உறுத்தினால் ரத்தக் குழாய்கள் இறுகும், அதை அடக்கும் மூளையின் செய்தி கீழே போய்ச் சேராது. நிமிர்த்தியதும் மூத்திரம் சேரும் பை நிறைந்தது, சில நிமிடங்களில் தலைவலி இறங்கியது. குழாய் சரியாக இருந்தால் மலச்சிக்கலோ படுக்கைப் புண்ணோ காரணமாக இருக்கலாம். பிரஷர் இறங்காவிட்டால் காத்திருக்காமல் 999தான்.

இப்போது அவர் வீல்சேரின் பின்னால் அக்கா ஓர் அட்டை ஒட்டியிருக்கிறார்: "தம்பியின் வழக்கமான பிரஷர் 95க்கு 60."