ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப்: தமிழில் என்ன சொல்வது?

இந்தச் சொல்லைப் பிரித்து அப்படியே தமிழாக்கினால் ‘விளையாட்டுத்தனம்’ வந்து நிற்கும். அதுவோ பொறுப்பில்லாத பிள்ளையைத் திட்டுகிற சொல். ஆகவே நேர்ச்சொல் இங்கே உதவாது.

‘ஸ்போர்ட்’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. பொழுதுபோக்கு, மனமகிழ்ச்சி என்று பொருள். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஸ்போர்ட்ஸ்மேன் என்றால் வேட்டைக்கும் மீன்பிடிக்கவும் போகிறவர். ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப்பும் முதலில் அவருடைய கைத்திறனைத்தான் குறித்தது. ஆடுகளத்தில் எப்படி நடந்துகொள்கிறார் என்ற பொருள் அப்புறம் ஏறியது.

கூடவே வரும் ‘ஃபேர் பிளே’ வேறு. அது விதியோடு முடிகிறது. அமெரிக்கச் சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீகில் 2001இல் நடந்தது இதற்குச் சரியான உதாரணம். உலகத் தொடரில் நியூயார்க்கின் பிராங்ஸ் அணிப் பையன் ஒருவன் எதிரணியில் ஒருவரைக்கூட முதல் பேஸை (மட்டை பிடித்தவர் முதலில் ஓடிச் சேர வேண்டிய இடம்) எட்டவிடாமல் ஓர் ஆட்டம் முழுக்கப் பந்தெறிந்தான். பிறகுதான் தெரிந்தது, 12 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் அவனுக்கு 14 வயது. அணியின் வெற்றிகள் பறிபோயின. பெரியவர்கள் செய்த தில்லுமுல்லு. பேர் கெட்டது என்னவோ பையனுக்கு.

2022 ஆகஸ்ட், டெக்சாஸின் வேகோ நகரம். அதே லிட்டில் லீகின் இன்னோர் ஆட்டம். பந்து தப்பி, மட்டை பிடித்த சிறுவனின் ஹெல்மெட்டில் அடித்தது. சுருண்டு விழுந்தவன் எழுந்து, விதிப்படி கிடைத்த முதல் பேஸுக்குப் போனான். அங்கிருந்து பார்த்தால், எறிந்த பையன் பந்தெறியும் மேட்டிலேயே நின்று அழுகிறான். இவன் ஹெல்மெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்துபோய் அவனைக் கட்டிக்கொண்டான். எந்த விதியும் அதைக் கேட்கவில்லை. ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப் என்பது இது.

தமிழில் இந்தக் குணம் இல்லாதவரைத் திட்டத்தான் சொற்கள் தாராளம்: அழுகுணி ஆட்டம், போங்காட்டம், கள்ளாட்டம். அது இருப்பதைச் சொல்ல ‘விளையாட்டு வீரர் மனப்பான்மை’ என்று சிலர் எழுதுகிறார்கள். நீளம், போதாததற்கு அலுவலக வாடை. ‘பெருந்தன்மை’ அழகுதான், ஆனால் தோற்றவன் சிரித்தபடி கைகுலுக்குவது அதில் அடங்காது. என் தேர்வு ‘விளையாட்டுப் பண்பு’. ஃபேர் பிளேக்கு ‘நேர்மையான ஆட்டம்’ போதும்.

‘ஸ்போர்ட்டிவ்வா எடுத்துக்கோ’ என்பதற்கு மட்டும் இந்தப் பண்பு ஒட்டவில்லை. அங்கே ‘மனசுல வச்சுக்காதே’தான் கொஞ்சம் கிட்டே வருகிறது.